உப்பின் கணக்கு: திண்டுக்கல் தோல் தொழிலும் புதிய சிந்தனை பற்றிய கேள்வியும்

சிக்கல் ஓர் அளவுக்கு மேல் பின்னிப் பிணைந்துவிட்டால் பழைய சிந்தனை அதற்குப் போதாது, புதியதொரு சிந்தனை முறையே வேண்டும் என்ற கூற்று மேலாண்மை நூல்களிலும் அரசின் திட்ட ஆவணங்களிலும் பட்டமளிப்பு விழா உரைகளிலும் ஏறத்தாழ ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக வழங்கிவருகிறது. ஆனால் எந்தச் சிக்கலில், எந்த இடத்தில், எவ்வகையான புதுமை தேவைப்பட்டது என்று குறிப்பாகக் கேட்கத் தொடங்கினால் அந்தக் கூற்று அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. அதைச் சோதித்துப் பார்க்கத் திண்டுக்கல் நகரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் பல பத்தாண்டுகளாக வாட்டிவரும் தோல் கழிவுநீர்ச் சிக்கலைவிடப் பொருத்தமான சான்று தமிழ்நாட்டில் அரிது. ஏனெனில் அதன் வேதியியல் முழுவதும் அறியப்பட்டது, அதன் நிலத்தடி நீரோட்டம் அளந்து பதிவு செய்யப்பட்டது, அதை உள்ளடக்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று நாடறிந்த தீர்ப்பையும் பெற்றது. அப்படியிருந்தும் சிக்கல் தீர்ந்தபாடில்லை.

சிக்கல்களை வகைப்படுத்தும் முயற்சி அறிவியலுக்குப் புதிதன்று. அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் 1948இல் எழுதிய கட்டுரையொன்றில், இரண்டு மூன்று காரணிகளை மட்டும் கொண்ட எளிய சிக்கல்களையும், கணக்கற்ற காரணிகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி இயங்குவதால் சராசரிகளைக் கொண்டு கையாளக்கூடிய சிக்கல்களையும் தனித்தனியே பிரித்துவிட்டு, இவ்விரண்டுக்கும் இடையில் ஓரளவு எண்ணிக்கையிலான காரணிகள் ஒன்றையொன்று பாதித்தபடி இயங்கும் மூன்றாவது வகையே இனிவரும் காலத்தின் சவால் என்றார். ஹோர்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் ஆகிய இருவரும் 1973இல் இதைச் சமூகத் திட்டமிடலுக்குக் கொண்டுவந்து, இன்னதுதான் சிக்கல் என்று அனைவரும் ஒப்பும்படி வரையறுக்கவே முடியாதவையும், இதோடு தீர்ந்தது என்று நிறுத்துவதற்கு இடமில்லாதவையும், ஒவ்வொரு தீர்வு முயற்சியும் நிலத்தில் அழியாத தடத்தை விட்டுச்செல்பவையுமான சிக்கல்களைத் தனி இனமாகக் காட்டினர். அவற்றைத் தமிழில் அடங்காச் சிக்கல்கள் எனலாம். திண்டுக்கல்லின் தோல் கழிவுச் சிக்கல் ரிட்டலும் வெப்பரும் கூறிய பெரும்பாலான பண்புகளுக்கு ஒத்துவருகிறது. ஆயினும் அதன் நடுப்பகுதியில் இருப்பது எந்தப் பள்ளி மாணவரும் போட்டுவிடக்கூடிய ஒரு கணக்கு என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

கால்நடையை உரித்தெடுத்த தோல் இந்த மண்ணின் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும் என்பதால், அது மண்டிக்கும் அங்கிருந்து தோல் ஷாப் எனப்படும் பதனிடும் தொழிற்கூடத்துக்கும் வந்து சேரும்வரை கெடாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 விழுக்காடு அளவுக்குச் சாதாரண உப்பு தடவப்படுகிறது. தொழிற்கூடத்தில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி நீக்குவது. அதற்காகத் தோல் ஊறல் தொட்டிகளில் நனைக்கப்படுகிறது. பின்னர் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழிகளில் ஊறவைத்து மயிர் நீக்கப்படுகிறது, சதை வழிக்கப்படுகிறது, அதன் பிறகே மரப்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ தோல் பதமாகிறது. இந்தக் குழிகளில் இறங்கி நின்று வேலை செய்த தொழிலாளர்களின் வாழ்வை, திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார்; அதற்கு 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது.

ஒரு டன் பச்சைத் தோலை எடுத்துக்கொண்டால் அதனுடன் வரும் உப்பு 400 கிலோ. உதறும்போது கொட்டிப்போவது போக முக்கால் பங்கு கழுவுநீரில் கரைகிறது என்று வைத்துக்கொண்டால் 300 கிலோ நீருக்குள் செல்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க மொத்தம் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற வழக்கமான கணக்கின்படி, ஒரு டன்னுக்கு 35,000 லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. அதன் ஒவ்வொரு லிட்டரிலும் தோலில் தடவிய உப்பு மட்டுமே ஏறத்தாழ 8,500 மில்லிகிராம் இருக்கும். வெளியேற்றப்படும் கழிவுநீரில் கரைந்துள்ள திடப்பொருள்களுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்போ 2,100 மில்லிகிராம். நல்ல நீரைக் கலந்து அந்த வரம்புக்குள் கொண்டுவர நினைத்தால் 35,000 லிட்டர் என்பது 1,40,000 லிட்டருக்கும் மேலாக வேண்டும், அந்த நல்ல நீரும் அதே நிலத்தடியிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். நீர் ஆவியாகலாம், கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கலாம். உப்பு எங்கும் மறைவதில்லை. பொருள் அழிவதில்லை என்ற விதி பதினெட்டாம் நூற்றாண்டின் வேதியியலிலேயே நிலைபெற்றுவிட்டதால், இதை அறிய யாருக்கும் புதிய சிந்தனை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

உப்பு போய்ச்சேரும் நிலமும் அதை எளிதில் வெளியேற்றும் நிலமன்று. மேற்கே பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளுக்கும் கிழக்கே சிறுமலைக்கும் நடுவில் அமைந்த இச்சமவெளியின் அடியில் கிடப்பது கடினப் பாறை. அதன்மேல் சிதைந்த பாறையின் அடுக்கும் அதற்குள் வெடிப்புகளுமே நீர் தங்கும் இடங்கள். இங்கு ஓடும் குடகனாறு வடக்கு நோக்கிச் சென்று அமராவதியில் கலக்கிறது, ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓட்டம் இருப்பதில்லை. ஆகவே மேலே கொட்டப்படுவதை வெள்ளம் அடித்துச் செல்வது அரிது. அது பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல இறங்கிக் கிணறுகளைச் சேர்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 80 அளவிலான தோல் தொழிற்கூடங்கள் இயங்கிய மேல் குடகனாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கணினி மாதிரியில் இட்டுப் பார்த்தபோது, மாசின் வரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 20 ஆண்டுகளுக்குப் பின்பும் நீரில் கரைந்த உப்பின் அளவு அன்றிருந்ததில் பாதிக்குக் கீழே இறங்காது என்ற முடிவு கிடைத்தது. ஒரு தலைமுறை செய்ததை அடுத்த தலைமுறையும் குடிக்க வேண்டியிருக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். அடங்காச் சிக்கலின் அழியாத் தடம் என்று ரிட்டலும் வெப்பரும் கருத்தளவில் கூறியது இங்குப் பாறைக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. அதற்கு இட்டுச்சென்ற ஒவ்வொரு படியும் அது எடுக்கப்பட்ட காலத்தில் நல்ல தீர்வாகவே எண்ணப்பட்டது என்பதுதான் வரலாற்றின் முரண். தென்னிந்தியத் தோல் தொழில் முதலில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் நம்பியிருந்தது. அவ்வாறு பதனிட்ட தோல் ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல், என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குச் சென்றது. ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் ஆயிற்று. குரோமிய முறை அந்தக் காலத்தை ஒருசில நாள்களாகச் சுருக்கியது. அதைச் சென்னை மாகாணத்தில் 1900களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியவர் அரசுத் தொழில் அதிகாரியாக இருந்த ஆல்பிரட் சாட்டர்ட்டன். பட்டைப் பதனிடல் மறைந்துவிடவில்லை, ஆவாரம் பட்டையின் இடத்துக்கு வாட்டில் எனப்படும் வெளிநாட்டுச் சீகை மரத்தின் பட்டை வந்தது. அதற்கான இறக்குமதியைக் குறைப்பதற்காக விடுதலைக்குப் பின் வனத்துறை அந்த மரத்தைப் பழனி மலையின் மேல்பகுதியில், கொடைக்கானலைச் சுற்றிய புல்வெளிகளில், பரவலாக நட்டது. மரமில்லாத புல்வெளி வீணாகக் கிடக்கிறது என்று கருதிய காலம் அது. ஆனால் அந்தப் புல்வெளியே மழைநீரைப் பிடித்துவைத்துக் கீழே ஓடைகளுக்கு மெல்ல விடுவது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் காட்டுகிறது. ஆக, ஒரே தொழிலின் தேவை மலையுச்சியில் நீரின் வரத்தையும் அடிவாரத்தில் நீரின் தரத்தையும் கெடுத்தது. இவ்விரண்டும் ஒரே மாவட்டத்துக்குள் நடந்தும், ஒன்று வனத்துறையின் கோப்பிலும் மற்றொன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்பிலும் தனித்தனியே கிடந்தன.

அடுத்த படியை எடுத்தது தில்லி. பாதி பதனிட்ட தோலை மலிவாக ஏற்றுமதி செய்வதைவிட முழுமை பெற்ற தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்தால் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் பெருகும் என்று சீதாராமையா குழு பரிந்துரைத்ததை ஏற்று, 1973 முதல் மைய அரசு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. பொருளாதாரக் கொள்கை என்ற அளவில் அது வெற்றியே. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பிய நாடுகள் தம் ஊர்களில் தோல் பதனிடுதலின் அழுக்கான கட்டங்களைக் கைவிட்டுக்கொண்டிருந்ததால், அந்தக் கட்டங்களின் உப்பும் சல்பைடும் குரோமியமும் பாலாற்றங்கரைக்கும் குடகனாற்றுப் படுகைக்கும் வந்துசேர்ந்தன. ஏற்றுமதிக் குழுவின் கணக்கில் கிணறுகளுக்கான பத்தி இருந்ததாகத் தெரியவில்லை.

கிணறுகளைக் கணக்கெடுத்தது ஒரு தொண்டு அமைப்பு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருப்பதாக அது கண்டறிந்தது. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. இந்த எண்களை இன்று எவரும் படிக்க முடிவதற்குக் காரணம், அவை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் இடம்பெற்றிருப்பதுதான். நீதிபதிகள் குல்தீப் சிங், பைசான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அடங்கிய அமர்வு, அன்று அண்ணா மாவட்டம் என்று அழைக்கப்பட்ட திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடங்களை ஒருசேர விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டோரை அடையாளம் கண்டு இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்குமாறு மைய அரசுக்கு உத்தரவிட்டதோடு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெனச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு ஒன்று ஏற்படவும் வழிசெய்தது.

புதிய சிந்தனை என்பதற்கு இந்திய சட்ட வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டாகத் தரப்படுவது இத்தீர்ப்பு. முன்னெச்சரிக்கைக் கொள்கை, அதாவது தீங்கு நேரும் என்பதற்கு முழுமையான அறிவியல் சான்று இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற கொள்கையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் நாட்டின் சட்டத்தின் பகுதிகள் என்று அது அறிவித்தது. முன்னதன் உள்ளே இருந்த மிக முக்கியமான மாற்றம் மெய்ப்பிக்கும் சுமையைப் பற்றியது. அதுவரை தன் கிணற்றைக் கெடுத்தது இன்ன ஆலைதான் என்று உழவர் நிறுவ வேண்டியிருந்தது. பாறை வெடிப்புகளின் வழியே எண்பது கூடங்களின் கழிவும் ஒன்றாகக் கலந்து வரும் ஊரில் அது எந்த உழவராலும் ஆகாத காரியம். இனித் தன் செயலால் சூழலுக்குத் தீங்கில்லை என்று தொழில் நடத்துபவரே நிறுவ வேண்டும் என்று அந்தச் சுமை இடம் மாற்றப்பட்டது. தீங்கை அளக்கும் அறிவியலின் எல்லையைச் சட்டம் ஏற்றுக்கொண்டு, அந்த எல்லையினால் வரும் நட்டம் யாரைச் சேர வேண்டும் என்பதை மட்டும் மாற்றியது எனலாம்.

ஆனால் அதே தீர்ப்பு இந்தப் புதுமைக்கு அடித்தளமாக எடுத்துவைத்த சான்றுகளுள் ஒன்று வியப்புக்குரியது. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் 1760களில் வெளியிட்ட சட்ட விளக்கவுரையில் அண்டையாருக்குச் செய்யும் தொல்லைகளைப் பட்டியலிடும் பகுதியை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். ஓடையின் மேற்பகுதியில் தொழிலுக்காகச் சாயக்கூடமோ சுண்ணாம்புக் குழியோ அமைத்துக் கீழே வருவோரின் நீரைக் கெடுப்பது அப்பட்டியலில் இடம்பெறுகிறது. தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழி இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சட்டப் புத்தகத்திலேயே குற்றமாக எழுதப்பட்டிருந்தது என்றால், 1996க்கு முன் திண்டுக்கல்லில் குறைந்தது எது? அறிவு குறையவில்லை, நெறியும் குறையவில்லை. மேட்டில் இருப்பவர் பள்ளத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பழைய நெறியை, எண்பது மேட்டுக்காரர்களும் 13 ஊர்களும் உள்ள நிலைக்குப் பொருந்துமாறு நடைமுறைப்படுத்தும் ஏற்பாடுதான் இல்லாமலிருந்தது.

தீர்ப்புக்குப் பின் நடந்தவை இதை மேலும் தெளிவாக்குகின்றன. பல கூடங்களின் கழிவுநீரை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து தூய்மையாக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பாலாற்றுப் பகுதியைப் போலவே திண்டுக்கல்லிலும் அமைந்தன. சிறு முதலாளிகள் தனித்தனியே தாங்க முடியாத செலவைப் பகிர்ந்துகொண்டது பாராட்டத்தக்க கூட்டு முயற்சிதான். ஆனால் அந்த நிலையங்கள் வடிவமைக்கப்பட்டது கரிமக் கழிவையும் மிதக்கும் திடப்பொருளையும் குரோமியத்தையும் பிரித்தெடுக்க. உப்பு ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் அப்படியே வெளியேறியது. அடுத்ததாக, சவ்வு வழியே நீரை எதிர்த்திசையில் அழுத்திப் பிரித்து எஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றவைக்கும் முறையில், ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு வேண்டும் என்று விதி வந்தது. அதன் விளைவாக நீர் திரும்பக் கிடைக்கிறது, மின்கட்டணமும் ஏறுகிறது, இறுதியில் பல வேதிப்பொருள்கள் கலந்து எவரும் வாங்க முன்வராத உப்புக் குவியல் மிஞ்சுகிறது. பிரித்தெடுத்த சேறும் எங்கேனும் இருந்தாக வேண்டும்: 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே உயிரிழந்தனர். மாசு கிணற்றிலிருந்து தொட்டிக்கு இடம் மாறியபோது ஆபத்து உழவரிடமிருந்து கூலித் தொழிலாளரிடம் இடம் மாறியது.

இதே தோல் முதலாளிகள் மாற முடியாதவர்கள் என்று நினைத்தால் அதுவும் பிழை. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. 1994இல் சிலவகை அசோ சாயங்களையும் தடை செய்தது. அப்பொருள்களின்றிப் பதனிடும் முறைக்கு இந்தியத் தொழில்துறை சில ஆண்டுகளுக்குள் மாறியது. சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அரசும் மாற்றுப் பொருள்களைக் கண்டறிந்து சோதிப்பதில் துணைநின்றன. ஒரே தொழில், ஒரே ஆய்வகம், ஒரே காலம். ஒன்றில் விரைவும் மற்றொன்றில் பல பத்தாண்டுத் தேக்கமும் ஏற்பட்டதற்கு வேதியியலின் கடினத்தைக் காட்டிலும், கேட்டவர் யார் என்பதே வலிய காரணம். பொருளை வாங்குபவர் திருப்பி அனுப்பிவிட முடியும். ரெட்டியார்சத்திரத்து உழவரால் எதையும் திருப்பி அனுப்ப முடியாது.

பொது நீர்வளத்தைப் பயனாளிகளே கூடிக் காத்துக்கொள்ள முடியும் என்று நிறுவி 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், தம் முனைவர் பட்ட ஆய்வை நிலத்தடி நீரில் உப்பு ஏறிய ஒரு படுகையைப் பற்றியே செய்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. லாஸ் ஏஞ்சலிசை ஒட்டிய அந்தப் படுகையில் நீர் மிகையாக இறைக்கப்பட்டதால் கடல்நீர் உள்ளே புகுந்தபோது, இறைத்தவர்கள் பொதுவான அளவீட்டை ஏற்று, நீதிமன்றத்தின் துணையுடன் இறைப்பைக் குறைக்கும் உடன்பாட்டுக்கு வந்தனர். அந்தப் பாடத்தை அப்படியே திண்டுக்கல்லுக்குக் கொண்டுவர இயலாது; அங்கே கெடுத்தவரும் கெடுதலை அனுபவித்தவரும் ஒருவரே, இங்கே அவர்கள் வேறு வேறானவர்கள். ஆயினும் அதில் எடுத்துக்கொள்ளத்தக்க பகுதி ஒன்று உண்டு: பேச்சுக்கு முன் இரு தரப்பும் நம்பும் அளவீடு இருந்தது. திண்டுக்கல்லில் கிணறுகளைத் தொண்டு அமைப்பு ஒன்று எண்ணியது, பாறையை ஹைதராபாத் ஆய்வாளர்கள் அளந்தனர், கழிவுநீரை வாரியம் சோதித்தது. இவை மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஆண்டுதோறும் இரு தரப்பும் பார்க்கும் வழக்கம் உருவாகவில்லை.

எனவே, அடங்காச் சிக்கலுக்குப் புதிய சிந்தனை வேண்டும் என்ற கூற்றை முழுதாக ஏற்கவும் முடியாது, முழுதாகத் தள்ளவும் முடியாது. இச்சிக்கலில் புதுமை உண்மையாகவே தேவைப்பட்டதும் பயன்பட்டதும் பொறுப்பைப் பங்கிடும் இடத்தில். மெய்ப்பிக்கும் சுமையை மாற்றிய தீர்ப்பே அதற்குச் சான்று. புதுமை மிகையாக நாடப்பட்டது இயந்திரங்களில். ஒவ்வொரு புதிய இயந்திரமும் உப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்றது. பழைய சிந்தனை கைவிடப்பட்டது கணக்கில். உள்ளே வருவது எங்கே போகிறது என்ற கேள்வியை வனத்துறையும் ஏற்றுமதிக் கொள்கையும் சுத்திகரிப்பு நிலையமும் தத்தம் வேலிக்குள் மட்டுமே கேட்டன.

அந்தக் கேள்வியை வேலிக்கு வெளியேயும் தொடர்ந்து கேட்டால் அது திண்டுக்கல்லையே விட்டுச் சென்றுவிடுகிறது. உப்பைக் குறைக்கும் வழிகள் புதியவை அல்ல: தோலைக் குளிர்வித்து வைக்கலாம், குறைந்த உப்புடன் வேறு காப்புப் பொருளைச் சேர்க்கலாம், உரித்த அன்றே பதனிடும் இடத்துக்குக் கொண்டுசெல்லலாம், ஊறவைக்கும் முன் உதறிப் பெரும்பகுதி உப்பை உலர்ந்த நிலையிலேயே பிரிக்கலாம். இவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை தோல் ஷாப்பின் வாசலுக்கு வெளியே, பல மாநிலங்களில் சிதறிக்கிடக்கும் இறைச்சிக்கூடங்களிலும் தோல் மண்டிகளிலும் செய்யப்பட வேண்டியவை. அங்கே தோலை வாங்கி விற்பவருக்கு உப்பைவிட மலிவான காப்புப் பொருள் எதுவும் இல்லை, அவர் தடவும் உப்பினால் கெடும் கிணறும் அவர் ஊரில் இல்லை. 1996 தீர்ப்பின் அபராதமும் ஆணையமும் தனி அமர்வும் தோல் தொழிற்கூடத்தின் உரிமையாளரை நோக்கியே அமைந்தன; மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை மண்டிக்காரரையோ, மலிவான தோலை விரும்பும் காலணி நிறுவனத்தையோ இதுவரை தொட்டதில்லை. அவர்களையும் ஒரு டன் தோலின் உப்புக் கணக்குக்குள் கொண்டுவரும் விலை முறையோ சட்டமோ எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இன்னும் விடை எழுதப்படாத பகுதி.